பத்திரம் யார் பேர்ல இருக்குது? அப்புச்சி ஊட்டுச் செவுத்துல ஓடுன அஞ்சு சோகப் படம்

மொதல்லயே சொல்லிப்போடறேன், நேரமில்லாதவங்க ஜோஜி ஒண்ண மட்டும் பாத்துட்டுப் படுத்துக்கோங்க, அது போதும். மிச்சத்தப் பத்தியும் வேணும்னா சித்த நேரம் உக்காந்து படிங்க. முடிவெல்லாம் உடைச்சுத்தான் எழுதறேன், எல்லாம் ஷேக்ஸ்பியர் கதை, எழுதி 400 வருசம் தாண்டியாச்சு, இனியுமா ஸ்பாய்லர்னு சண்டைக்கு வருவீங்க.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சன்டைசர். படிச்சது என்னமோ பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர், ஈரோட்டுல. மேக்பத்த கைடு வாங்கிப் படிச்சு பாஸ் பண்ணுன கோஷ்டி, அதனால பெரிய பண்டிதன்னு நெனச்சுப் படிக்காதீங்க. போனஸ் பணத்துல ஆன்லைன்ல ஒரு ப்ரொஜெக்டர் வாங்குனேன், டப்பால போட்டிருந்த லூமென்ஸ் (வெளிச்ச அளவு) கணக்கு சுத்தப் பொய், நெலா கெளம்புனாலே படம் வெளுத்துப்போவுது. இருந்தாலும் காங்கயத்துக்குப் பக்கம் எங்கம்மா பொறந்த ஊட்ல களத்துக்கு எதுத்தாப்ல வெள்ளையடிச்ச பெரிய செவுரு ஒண்ணு இருக்குது, அதுல அஞ்சு சனிக்கெழம ராத்திரி வரிசையா அஞ்சு படம் ஓட்டுனோம், நெலா இருந்த ரெண்டு வாரம் மட்டும் ஆசாரத்துக்குள்ள (ஊட்டுக் கூடம்) வேட்டிய இழுத்துக் கட்டிச் சமாளிச்சோம். எல்லாமே அந்தக் காலத்து மேடை நாடகம், சாவுல முடியற கதை, இந்தக் காலத்து ஊரு உடுப்போட எடுத்தது. பாத்தவங்க எங்க அப்புச்சி (எங்கம்மாவோட அப்பா, எம்பது தாண்டுன ஆளு), எங்கம்மா, சின்ன மாமன், மாமன் பையன் ஒருத்தன். அரிசிம்பருப்புச் சோறு, நெய், கத்திரிக்காய், அப்புறம் ஒரு கொலை. இதான் ப்ரோக்ராம்.

மொத வாரம் ரோமியோ ஜூலியட், 1996ல பாஸ் லூர்மன் எடுத்தது, லியனார்டோ டிகாப்ரியோ, கிளேர் டேன்ஸ். வசனம் அப்படியே ஷேக்ஸ்பியர் வசனம், ஆனா ஊரு வெரோனா பீச்னு ஒரு கடக்கரைப் பட்டணம், கத்திக்குப் பதிலா துப்பாக்கி, அந்தத் துப்பாக்கி மேலயே 'வாள்'னு கம்பெனிப் பேரு அடிச்சிருப்பாங்க, அதனால வாள உருவுனு வசனம் வந்தாலும் இடிக்காது. கட்டியங்காரனுக்குப் பதிலா டிவில நியூஸ் வாசிக்கற அம்மா. மூளைன்னா மூளை. ஒரு பக்கத்துப் பசங்க பூப்போட்ட ஹவாய் சட்டை, எதிர்ப் பக்கம் கருப்புத் தோலு, எந்தக் கட்சின்னு துணியப் பாத்தே சொல்லிரலாம், இந்த விசயத்துல எனக்கு கொஞ்சம் தொழில் புத்தி. மீன்தொட்டி வழியா ரெண்டு பேரும் மொதமொதல்ல பாத்துக்கற சீன் இன்னிக்கும் அழகு.

பத்து நிமிசம் ஓடியிருக்கும், அப்புச்சி கேட்டாரு: “ஏங்கண்ணு, இவனுகளுக்குள்ள சண்டை எதுக்கு? தடப் பிரச்சனையா, கெணத்துப் பங்கா?”

நாடகத்துலயே காரணம் சொல்லலைங்க அப்புச்சி, பழைய பகைன்னு மட்டுந்தான் இருக்குதுன்னேன்.

“அதெப்படிச் சாமி காரணமில்லாம இருக்கும்? பத்திரம் யார் பேர்ல இருக்குது, அதக் கேளு.”

எல்லாரும் சிரிச்சோம். ஆனா அதுக்கப்புறம் நாலு வாரமும் எந்தப் படம் போட்டாலும் எனக்கு மண்டைக்குள்ள இந்தக் கேள்விதான் ஓடுச்சு, பாத்தா பெரிய பெரிய விமர்சகனுக சொல்றத விட இது நல்ல தராசாத்தான் இருக்குது. ராஜா, கிரீடம், அரண்மனை எல்லாத்தையும் எடுத்துப்போட்டா அந்த எடத்துல என்னத்த வெக்கறதுன்னு டைரக்டருக்குத் தெரியோணும். கோட்டு சூட்டு மாட்டி உட்டுட்டா மட்டும் ராஜா முதலாளி ஆயிர மாட்டான், அவன்கிட்ட மத்தவன் உசுரு எதுல மாட்டியிருக்குதுன்னு காட்டோணும், அதக் காட்டுன படம் நிக்குது, காட்டாத படம் ஃபேன்சி டிரஸ் போட்டி.

ரோமியோல இன்னொன்னு. கதையே ஒரு லெட்டரு போய்ச் சேராததுனால கெடுது. படத்துல அத கூரியராக்கிட்டாங்க, கூரியர்காரன் வரான், ரோமியோ கவனிக்கல, அவ்ளோதான், ரெண்டு உசுரு போச்சு. இதுக்கு நான் மட்டும் கண்ணு கலங்குனேன், ஏன்னா போன வருசம் பையருக்கு (துணி வாங்கற பார்ட்டி) போற சாம்பிள எங்க ஆபீஸ்ல நாங்க இருக்கறப்பவே ஆளில்லைன்னு எழுதி ஒரு கூரியர் திருப்பிக் கொண்டு போனான், பேரு சொல்ல மாட்டேன். 1996ங்கறதுனால இது ஒப்புக்கிச்சு, கையில போன் இல்ல. இன்னிக்கு எடுத்தா ஜூலியட் ஒரு வாய்ஸ் மெசேஜ் தட்டுனா கதை முடிஞ்சுது. கடைசில இவன் விசத்த வாயில ஊத்தறப்பவே அவ கண்ணு முழிக்கறா, நாடகத்துல அவன் செத்ததுக்கப்புறந்தான் முழிப்பா. இந்த மாத்தம் நல்லாத்தான் இருக்குது, எங்கம்மா “ஐயோ பாவம், ஒரு நிமிசம் பொறுத்திருந்தா”ன்னாங்க. அந்த ஒரு நிமிசத்துக்கு மட்டும் மார்க் போடலாம், மத்தபடி சத்தம் ஜாஸ்தி.

ரெண்டாவது வாரம் ஹாம்லெட், 2000த்துல மைக்கேல் அல்மரெய்டா எடுத்தது, ஈத்தன் ஹாக். டென்மார்க்ங்கறது இதுல நாடில்ல, நியூயார்க்ல ஒரு கார்ப்பரேட் கம்பெனி. அப்பன் சாவறான், சித்தப்பன் சேர்மன் ஆவறான், அம்மாவையும் கட்டிக்கறான். இத நான் திருப்பூர்ல இருக்கறவங்களுக்கு வெளக்கோணுமா? அண்ணன் தம்பி பார்ட்னர்ஷிப்ல ஆரம்பிச்சு, அண்ணன் போனதுக்கப்புறம் ஷேர் எந்தப் பக்கம் போச்சுன்னு ரோட்டுக்கு ரோடு கதை கெடக்குது நம்மூர்ல. ஐடியா பிரமாதம், ஆனா படம் ஐடியாவோட நின்னுபோச்சு. அந்தக் கம்பெனி என்னத்த விக்குது, பையன் கைல எத்தன பங்கு, சித்தப்பன் எப்படி போர்டப் புடிச்சான், ஒண்ணுமில்ல. வேடிக்கைக்கு கொறச்சலில்ல: இருப்பதா இறப்பதாங்கற வசனத்த வீடியோ கேசட் கடைல ஆக்சன் பட ரேக்குக்கு நடுவால நடந்துட்டே பேசறான், அப்பன் பேயி பெப்சி மெசினுக்குள்ள போய் மறையுது. இதப் பாத்து மாமன் பையன் உருண்டு உருண்டு சிரிச்சான். ஹாம்லெட் போட்டிருக்கற பின்னல் குல்லாய பாத்து கேஜ் (பின்னல் நெருக்கம்) என்னனு நான் யோசிச்சுட்டிருந்தேன், அந்தளவுக்குத்தான் படம் என்னப் புடிச்சு வெச்சுது. அப்புச்சி இன்டர்வெல்லுக்கு முன்னாடியே தூங்கிட்டாரு. நம்ம படம் மாதிரி இன்டர்வெல்லும் கெடையாது, நான் தான் காப்பி போட எந்திரிச்சேன்.

மூணாவது மக்பூல். விஷால் பரத்வாஜ், 2003. மேக்பத்த (பொண்டாட்டி தூண்டி உட்டு ராஜாவக் கொன்னு பட்டத்தப் புடிக்கற தளபதி கதை) மும்பை தாதா கூட்டத்துக்குள்ள கொண்டு போய் வெச்சிருக்காரு. இர்பான் கான், தபு, பங்கஜ் கபூர். நாடகத்துல டங்கன் நல்ல ராஜா, விருந்தாளியா வந்த எடத்துல சாவறான். இங்க அந்த எடத்துல கூட்டத்துத் தலைவன் அப்பாஜி, நல்லவனா கெட்டவனானே சொல்ல முடியாது, மெல்ல மெல்லப் பேசி தொப்பையத் தள்ளிட்டு நடக்கற அந்த மனுசன் சோபால உக்காந்தாலே ரூம்ல காத்து கொறையுது. பங்கஜ் கபூருக்கு இதுக்கு தேசிய விருது குடுத்தாங்க, குடுக்கலைன்னாத்தான் அநியாயம். லேடி மேக்பத்த அப்பாஜியோட ஆசைநாயகியா மாத்துனது இன்னும் பெரிய வேலை, ஏன்னா இப்ப கொலைக்குப் பின்னாடி பதவி ஆசை மட்டுமில்ல, அந்தக் கெழவன் பக்கத்துல படுக்கற அருவருப்பும் சேந்துக்குது. அப்புறம் பத்திரக் கேள்வி. அப்பாஜி மக வேறொருத்தனக் கட்டப்போறா, கட்டுனா கூட்டமே அவன் கைக்குப் போகும், அப்பாஜிக்கு வலதுகையா இருக்கற மக்பூல் அவனுக்கு கைகட்டி நிக்கோணும். சின்ன மாமன் நிமிந்து உக்காந்து “அப்படிச் சொல்லு, மாப்பிளைக்கு எழுதப்போறான்”னு தெளிவாயிட்டாரு.

சூனியக்காரிங்க மூணு பேருக்குப் பதிலா ரெண்டு போலீஸ்காரனுக, ஓம் புரியும் நசீருதீன் ஷாவும், ஜாதகக் கட்டம் போட்டு ஜோசியம் சொல்றானுக, சொன்னதோட நிக்காம அது பலிக்கறதுக்கு வேலையும் பாத்து உடறானுக. நாடகத்துல காடு நடந்து வந்தாத்தான் சாவுன்னு குறி சொல்லுவாங்க, இதுல கடல் ஊட்டுக்குள்ள வரோணும். எப்படி வருதுங்கறதப் பாத்தே தெரிஞ்சுக்கோங்க. ஒரே கொறை படத்து மேல இல்ல, நான் பாத்த ஓடிடி மேல: தமிழ் சப்டைட்டில் மெசின் கைங்கரியம், சுடுன்னு சொல்ற எடத்துல 'அவனைப் படம்பிடி'ன்னு வருது. நாலு பேரு துப்பாக்கியோட நிக்கறப்ப படம்பிடின்னா எப்படியிருக்கும். காசு குடுத்துத்தான் பாக்கறோம்ங்க.

பரத்வாஜ் இதுக்கப்புறம் 2006ல ஒதெல்லோவ (பொண்டாட்டி மேல சந்தேகப்பட்டுக் கொல்றவன் கதை) ஓம்காரான்னு எடுத்தாரு, கைக்குட்டைய ஒட்டியாணமா மாத்தி, உத்தரப்பிரதேசத்து அரசியல் ரவுடித்தனத்துல வெச்சு. சைப் அலி கான் நொண்டிக்கிட்டு வர்றாரே, அதுக்காகப் பாக்கலாம். இத நான் தனியாத்தான் பாத்தேன், கெட்ட வார்த்தை ஜாஸ்தி, அப்புச்சி கூட உக்காந்து பாக்க முடியாது.

நாலாவது வாரம் ஹைதர், 2014. ஹாம்லெட் தான், ஆனா 1995 காஷ்மீரு. அப்பன் டாக்டரு, தீவிரவாதி ஒருத்தனுக்கு வைத்தியம் பாத்ததுக்காக மிலிட்டரி கூட்டிட்டுப் போறாங்க, ஊட்டையே தகர்த்துடறாங்க, ஆளு என்ன ஆனான்னு தெரியல. இங்க அப்பன் பேயா வரல, அப்பன் கூட ஜெயில்ல இருந்த ஒருத்தன், இர்பான் கான், நெசமான ஆளா வந்து சேதி சொல்றான். பேய எப்படி இந்தக் காலத்துக்குக் கொண்டு வர்றதுங்கறதுக்கு பெப்சி மெசின் ஒரு பதில், இது ஒரு பதில், ரெண்டுக்கும் நடுவால மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். புருசன் செத்தானா இருக்கானான்னு தெரியாம பாதி விதவையா நிக்கற பொம்பளைங்கனு ஒரு வார்த்தை படத்துல வருது, தபு மூஞ்சில அது பூராவும் எழுதியிருக்குது. நாடகத்துல ஹாம்லெட்டோட அம்மா தெரியாம விசத்தக் குடிச்சு சாவறா, இங்க அவளே முடிவெடுக்கறா. எங்கம்மா அந்த எடத்துல எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க.

யார் பேர்ல பத்திரம்னு இந்தப் படத்துல மட்டும் யாரும் கேக்கல. கேட்டா என்னனு பதில் சொல்றதுன்னு நானும் பயந்துட்டே தான் உக்காந்திருந்தேன். படம் நீளம், ரெண்டரை மணி நேரத்துக்கு மேல, முன்பாதி கொஞ்சம் இழுக்குது, பாட்டுல கல்லறை தோண்டற கெழவனுக வர்றது எனக்குப் புடிச்சுது, காதல் பாட்டு தேவையில்ல.

இப்ப ஜோஜி. 2021 ஏப்ரல்ல நேரா ஓடிடில வந்துது, கொரோனா நேரம். திலீஷ் போத்தன் டைரக்சன், ஷ்யாம் புஷ்கரன் எழுத்து, பஹத் பாசில். மேக்பத்த வெச்சு எடுத்ததுன்னு அவங்களே ஒளிக்காம சொல்லிட்டாங்க. யுத்தமில்ல, சூனியக்காரி இல்ல. மலைப்பாங்கான பக்கம் ஒரு தோட்டம், நடுவால ஒரு பெரிய ஊடு, ஒரு அப்பன், மூணு மகன், ஒரு மருமக. கடைசி மகன் ஜோஜி, எஞ்சினியரிங்க பாதில உட்டுட்டு ஊட்லயே கெடக்கறவன். அப்பன் குட்டப்பன் வயசானாலும் காளை மாதிரி இருக்கற ஆளு, பேச்சே கெடையாது, ஒரு மொறைப்புல நாலு பேரும் அடங்கிப்போவாங்க. ஊட்ல அத்தன பேரும் அவரு கை பாத்துத்தான் சோறு திங்கோணும். ஜோஜிக்கு ராஜாவாகோணும்னு ஆசையில்லைங்க, செக்குல கையெழுத்துப் போடற கை வேணும், அவ்ளோதான் அவன் ஆசை. மேக்பத்த இத்தன சிறுசா ஆக்கி இத்தன பயமா காட்ட முடியும்னு நான் நெனைக்கல.

படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல அந்தப் பெருசு கொளத்துல கெடக்கற மோட்டார் புட்வால்வ வெளிய இழுக்கறாரு. எங்க அப்புச்சி கட்டில்ல இருந்து கால கீழ போட்டு உக்காந்துட்டாரு. “அட மசையா, தனியாளா இழுக்கறான் பாரு, ஆளு போட்டுத் தூக்கோணும்டா.” சொல்லி வாய் மூடல, படத்துல அந்தப் பெருசுக்கு ஸ்ட்ரோக் வந்து உழுந்துட்டாரு. “சொன்னனா இல்லையா”ன்னு அப்புச்சி எங்களப் பாத்தாரு, என்னமோ நாங்க தான் உழுகச் சொன்ன மாதிரி. அந்த நிமிசத்துல இருந்து படம் முடியற வரைக்கும் அவரு அசையல.

இதுல கொலை எப்படி நடக்குதுன்னு பாருங்க. கத்தியில்ல, ரத்தமில்ல, கைய கழுவிட்டே இருக்கற பொண்டாட்டியில்ல. மாத்திரைய மாத்தி வெக்கறான். முடிஞ்சுது. படுத்த கெழவன் திரும்ப எந்திரிச்சுருவாருன்னு தெரியறப்ப ஊட்டாளுக மூஞ்சி போற போக்கு இருக்குதே, யாரும் ஒரு வார்த்தை பேசறதில்ல, ஆனா ஒவ்வொருத்தனும் மனசுக்குள்ள கணக்குப் போடறது நமக்குக் கேக்குது, அந்த சீன நம்ம பக்கம் எந்தத் தோட்டத்துல எடுத்திருந்தாலும் பொருந்தும். லேடி மேக்பத் எடத்துல மருமக பின்சி, உண்ணிமாயா பிரசாத். நாள் பூராவும் சமையக்கட்டு, தனிக்குடித்தனம் போகோணும்னு ஆசை, புருசனுக்கு வாய் வராது. அவ தூண்டி உடறதுல்லாம் இல்ல, கண்டும் காணாத மாதிரி இருந்துக்கறா, அது போதுமானதா இருக்குது. மாமனார் செத்தப்ப கொழுந்தன்கிட்ட போயி மாஸ்க் போட்டுட்டு வான்னு சொல்லுவா பாருங்க, கொரோனாவுக்குச் சொல்றாளா, மூஞ்சிய மறைச்சுக்கோன்னு சொல்றாளா, அந்த ஒரு எடத்துக்கே ரெண்டு தடவ ரீவைண்ட் பண்ணுனோம்.

குத்தம் இருக்குது. ரெண்டாவது சாவுக்கு ஜோஜி போடற திட்டம் எனக்கு ரொம்பச் சௌகரியமா அமைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. கடைசில லெட்டரு எழுதி வெச்சு சமுதாயத்து மேல பழியப் போட்டுட்டு தன்னையே சுட்டுக்கறான், சின்ன மாமன் அதுக்கு “ஓசிச்சோறு தின்னவனுக்கு எகத்தாளத்தப் பாரு”ன்னாரு, எனக்கென்னமோ டைரக்டரே அப்படிக் கோவம் வரட்டும்னு தான் வெச்சிருப்பாருன்னு தோணுது. மேக்பத் சண்டைல தலை போயி சாவறான், அதுல ஒரு கௌரவம் இருக்குது. ஜோஜிக்கு அதுவும் கெடைக்கல, சாவாம ஆஸ்பத்திரில கட்டையா கெடக்கறான், ஒத்துக்கறியா, கண்ணச் சிமிட்டுன்னு போலீஸ் கேக்குது.

படம் முடிஞ்சு லைட்டப் போட்டோம். அப்புச்சி கொஞ்ச நேரம் செவுத்தையே பாத்துட்டிருந்துட்டு, “படுகளம் எழுப்பறது இல்லையாக்கும் இவனுகளுக்கு”ன்னாரு.

வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், அண்ணன்மார் சாமி கதைய எங்க பக்கம் உடுக்கை அடிச்சு ராத்திரி ராத்திரியா பாடுவாங்க, பொன்னர் சங்கர் ரெண்டு பேரும் பங்காளிப் பகையும் சூழ்ச்சியுமா கடைசில செத்துப்போவாங்க, வீரப்பூர்ல மாசி மாசம் நோம்பில அந்த படுகளத்த நடத்துவாங்க, ஆளுக பொத்துனு பொணமாட்டம் சாய்வாங்க, தங்கச்சி பேரச் சொல்லி தண்ணி தெளிச்சு எழுப்புவாங்க. எங்க சோகக் கதைல செத்தவன எழுப்பித்தான் ஊட்டுக்கு அனுப்புவோம். 2011ல இத சினிமாவா எடுத்தாங்க, பிரசாந்த் ரெட்டை வேசம், கலைஞர் கதை வசனம், செட்டு பெருசா இருந்துது, உடுக்கை சத்தத்துல அப்புச்சிக்கு வர்ற மயிர்க்கூச்செறியறது அதுல வரல.

தமிழ்ல ஷேக்ஸ்பியர் இல்லாம இல்ல. பம்மல் சம்பந்த முதலியார் நூறு வருசத்துக்கு முந்தியே ஹாம்லெட்ட அமலாதித்யன்னு மேடைக்குக் கொண்டு வந்துட்டாரு. அப்புறம் சிவாஜி: ரத்தத் திலகத்துல ஒதெல்லோ, சொர்க்கத்துல சீசர், ராஜபார்ட் ரங்கதுரைல ஹாம்லெட். எல்லாமே படத்துக்குள்ள ஒரு நாடகம், நடிப்பக் காட்டறதுக்கு ஒரு துண்டு. கத நம்ம ஊட்டுக்குள்ள வரல. மலையாளத்துல 1997லயே ஜெயராஜ் களியாட்டம்னு எடுத்து ஒதெல்லோவ தெய்யம் ஆடறவனா ஆக்கிட்டாரு, சுரேஷ் கோபிக்கு தேசிய விருது, ஒதெல்லோவோட கருப்பு நெறத்துக்குப் பதிலா மூஞ்சில அம்மைத் தழும்பு. கடைசில தெய்யத்துக்கு மூட்டுன தீயே அவனுக்கு சாவு. அத நான் இன்னும் செவுத்துல போடல, நல்ல பிரிண்டு கெடைக்கல.

நான் எடுத்தா லியர் மன்னன எடுப்பேன்னு அன்னிக்கு ராத்திரி பெரும பேசுனேன். ராஜா மூணு பொண்ணுகளக் கூப்பிட்டு, எம்மேல யாருக்குப் பாசம் ஜாஸ்தி சொல்லுங்க, அதுக்குத் தகுந்தாப்ல நாட்டப் பிரிச்சுத் தாரேங்கறான். நம்மூர்ல தலைகீழ். பொம்பளப் புள்ளைகளுக்கும் சொத்துல சமபங்குனு 1989லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்துருச்சு, அதனால பத்திர ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயி, பாசமிருந்தா விடுதலைப் பத்திரத்துல (எம் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கறது) கையெழுத்துப் போடு கண்ணுங்கறாங்க. மூத்தவ ரெண்டு பேரும் சிரிச்சுட்டே போடறாங்க, நோம்பிக்கு சீர் வந்துட்டிருக்கோணுமே. மூணாவது பொண்ணு பேனாவ கைல வெச்சுட்டு சும்மா நிக்கறா. அங்க இன்டர்வெல்.

சின்ன மாமன் போன எடுத்து நோண்ட ஆரம்பிச்சுட்டாரு. அப்புச்சி ஒண்ணும் பேசல. எங்கம்மா வாசப்படில உக்காந்து கடலக்காய் உரிச்சுட்டிருந்தவங்க தலை நிமிராமயே கேட்டாங்க, “அந்தப் புள்ள கடைசில கையெழுத்துப் போட்டுதா?”

அதுல கையெழுத்தெல்லாம் இல்லம்மா, ஒண்ணுமில்லைன்னு மட்டும் சொல்லுவா, அப்பன் தொரத்தி உட்டுருவான்னேன்.

“தொல்லையில்ல அப்ப”ன்னுட்டு மொறத்த எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

காலைல நான் திருப்பூருக்குக் கெளம்பறப்ப பாத்தேன், அலமாரில இருக்கற அப்புச்சியோட மாத்திரை டப்பாவ காணோம். தலகாணிக்கடில வெச்சிருக்காரு. ராத்திரி மாத்திரைய இனி சின்ன மாமன் எடுத்துத் தர வேண்டியதில்லையாம், எங்கம்மா வந்தா தரட்டுமாம்.